தண்ணீர் எல்லாப் பக்கமும் தள்ளும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம், ஆனா அரசியல் வேண்டாம், அறுவையும் வேண்டாம்" என்றார். முப்பத்தைந்து வருஷம் தண்ணீரோடும் மண்ணோடும் குடித்தனம் நடத்திய ஒரு சிவில் என்ஜினீயருக்கு வேறு என்ன தலைப்பு கிடைக்கும்? தண்ணீரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் தண்ணீர்ப் பஞ்சம், நதிநீர்ப் பங்கீடு என்று பெரிய விஷயங்கள் அல்ல. நாமெல்லாம் இரண்டாம் வருஷத்தில் படித்துவிட்டு, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோன நீரழுத்தம். அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தலைப்புக்குக் காரணம் இந்த அரங்கத்திலேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் ஹாஸ்டல் அறைத் தோழர். பெயரைச் சொல்ல மாட்டேன், அவரே சிரித்துக் காட்டிக்கொடுத்துக்கொள்வார். நேற்று அவருடைய புது வீட்டுக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்தில் சரிவான மனை. மனையைச் சமன்செய்து, கீழ்ப்பக்கம் பத்தடி உயரத்துக்கு மண் தாங்கு சுவர், அதாவது நாம் சொல்கிற ரீடெய்னிங் வால், கட்டியிருக்கிறார். சுவருக்குக் கீழே ஒரு சந்து. சந்தில் ஏழெட்டுச் சின்ன வீடுகள். கல்லும் சிமெண்ட்டும் நல்ல தரம். நான் தட்டிக்கூடப் பார்த்தேன். ஆனால் சுவரில் இருந்த வீப் ஹோல் அத்தனையும் சிமெண்ட் வைத்து அடைத்துப் பூசியிருந்தது. "என்னப்பா இது?" என்றேன். "மழை பெஞ்சா அதுவழியா செம்மண் தண்ணி வழிஞ்சு பெயிண்ட்டை நாசம் பண்ணுது. அதான் அடைச்சுட்டேன். இப்ப எப்படி பளிச்சுனு இருக்கு பார்த்தியா?" என்றார் பெருமையாக.

நண்பர்களே, அந்தக் கணம் எனக்கு நம் ஹைட்ராலிக்ஸ் ஆசிரியரின் குரல் காதில் கேட்டது. நாம் அவருக்குத் 'தண்ணி வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். முதல் வகுப்பில் அவர் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மேசைமேல் வைத்தார். ஒரு சின்னப் புனலின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன் காம்பை ஒரு ரப்பர் குழாயால் யூ வடிவக் கண்ணாடிக் குழாயோடு இணைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் நிறம் கலந்த தண்ணீர். புனலை வாளிக்குள் இறக்க இறக்க, நிறத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறியது. பிறகு ஆழத்தை மாற்றாமல் புனலின் முகத்தை மட்டும் திருப்பினார். மேல்நோக்கி, கீழ்நோக்கி, பக்கவாட்டில், சாய்வாக. கண்ணாடிக் குழாயில் அளவு அசையவே இல்லை.

"தம்பிகளா, பார்த்துக்குங்க. கல்லு கீழே மட்டும்தான் அழுத்தும். தண்ணி அப்படியில்ல. மேலேயும் தள்ளும், கீழேயும் தள்ளும், பக்கத்திலயும் தள்ளும். ஒரே ஆழத்துல எல்லாப் பக்கமும் ஒரே அளவு தள்ளும். இதை மறந்தவன் கட்டின எதுவும் நிக்காது" என்றார்.

இது ஏன் இப்படி? திடப்பொருளுக்குத் தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பலம் உண்டு. அசையாமல் நிற்கிற திரவத்துக்கு அந்தப் பலம் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால்கூட அது நழுவி ஓடிவிடும். ஆகவே தண்ணீர் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது என்றால், அதன் ஒவ்வொரு துளியும் எல்லாத் திசையிலும் சமமாக அழுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே காரணத்தால்தான், நிற்கும் தண்ணீர் எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதைச் செங்குத்தாகவே தள்ளுகிறது. சுவரைத் தொட்டால் பக்கவாட்டில், தரையைத் தொட்டால் கீழ்நோக்கி, மிதக்கிற பொருளின் அடியைத் தொட்டால் மேல்நோக்கி.

எவ்வளவு தள்ளும்? அதற்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஆகவே ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். இரண்டு மீட்டரில் இரண்டு டன். பத்து மீட்டரில் பத்து டன். நம் தலைமேல் இருக்கும் காற்று மண்டலம் முழுவதும் சேர்ந்து அழுத்துகிற அழுத்தமும் ஏறக்குறைய இதே பத்து டன்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆழம் மட்டுமே கணக்கில் வருகிறது. எவ்வளவு தண்ணீர் என்பது கணக்கிலேயே இல்லை. படித்தவர்களே தடுமாறும் இடம் இது. அணை நிரம்பும் காலத்தில், "இத்தனை டி.எம்.சி. தண்ணி அணையை முட்டித் தள்ளுது, தாங்குமா?" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் தேங்கியிருக்கும் தண்ணீர் பின்னால் பத்து மைல் நீண்டிருந்தாலும், பத்தே அடி நீண்டிருந்தாலும், அணைச் சுவரில் படும் அழுத்தம் ஒன்றுதான். முப்பது அடி தண்ணீர் நிற்கிற ஒரு கமலைக் கிணற்றின் அடிப்பகுதிச் சுவர், பதினைந்து அடி ஆழமுள்ள ஒரு பெரிய ஏரியின் கரையடியை விட இரண்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. ஏரியில் ஆயிரம் கிணற்றுத் தண்ணீர் இருக்கலாம், அது வேறு விஷயம். அணை உடைந்தால் எத்தனை ஊர் போகும் என்பதைத்தான் டி.எம்.சி. சொல்லும். உடையுமா என்பதை ஆழம்தான் சொல்லும்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் சைமன் ஸ்டெவின். 1586-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூலில் இது இருக்கிறது. அவர் வாழ்ந்தது ஹாலந்தில். கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் தேசம் அது. கடலைத் தடுக்கும் கரையும், அதே ஆழமுள்ள ஒரு வாய்க்காலைத் தடுக்கும் மதகுக் கதவும் ஒரே அழுத்தத்தைத்தான் தாங்குகின்றன என்பது அங்கே ஏட்டுச் சுரைக்காய் அல்ல, அன்றாடப் பிழைப்பு.

அவருக்குப் பின் வந்த பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் செய்ததாக ஒரு பீப்பாய் சோதனை சொல்வார்கள். தண்ணீர் நிரம்பிய பீப்பாயின் மூடியில் நீண்ட மெல்லிய குழாயைச் செங்குத்தாகச் செருகி, குழாயில் தண்ணீர் ஊற்றியதும் பீப்பாய் வெடித்துவிட்டதாம். கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, கணக்கு சரி. ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுள்ள குழாயைப் பத்து மீட்டர் உயரத்துக்கு நிரப்ப ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் போதும். அந்த ஒரு லிட்டர், பீப்பாயின் உட்புறம் முழுவதும் சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தத்தைக் கூட்டிவிடும். இந்த ஒரு லிட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நண்பரின் சுவருக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்தது, சுவரில் படும் மொத்த உந்துவிசை. மேலே அழுத்தம் பூஜ்யம், கீழே போகப் போக அதிகம். படம் போட்டால் முக்கோணம் வரும். ஒரு மீட்டர் அகலச் சுவரில் மொத்த விசை, ஆழத்தின் வர்க்கத்தில் பாதி, டன் கணக்கில். அது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயல்படும். ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் குப்புறத் தள்ளும் திருப்புவிசை எட்டு மடங்கு! நம் முன்னோர்கள் ஏரிக்கரையை மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் போட்டதற்கு இந்த முக்கோணமும் ஒரு காரணம். சூத்திரம் எழுதி வைக்கவில்லை, கரையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சின்ன உதாரணம். மழைக்காலத்தில் கீழ்த்தளத்துக் கதவுக்கு வெளியே 80 சென்டிமீட்டர், அதாவது இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் அகலக் கதவு. மொத்த உந்துவிசை 320 கிலோ. கீல் ஒரு பக்கம் இருப்பதால், கைப்பிடியில் கைவைத்து எதிர்த்துத் தள்ள 160 கிலோ பலம் வேண்டும். எந்தப் பயில்வானாலும் முடியாது. கணுக்கால் அளவு தண்ணீர் வரும்போதே வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதே கணக்கை நமக்கெல்லாம் தெரிந்த ஓர் அணைக்குப் போட்டுப் பார்ப்போம். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. இந்த அளவுகளை அப்படியே ஆழமாக எடுத்துக்கொண்டால், ஆறடி ஏறியதற்கு ஆழம் சுமார் 4 சதவீதம்தான் கூடியது. ஆனால் உந்துவிசை 9 சதவீதமும், திருப்புவிசை சுமார் 14 சதவீதமும் கூடும். செயலாளர் பயப்பட வேண்டாம், நான் அரசியல் பேசவில்லை. ஓர் அடி என்பது கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி என்று சொல்ல வருகிறேன். அந்த ஆறடிக்கு முன்பே அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தது ஏன் என்பதைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முதலில் பிரான்ஸ் தேசத்துக்குப் போக வேண்டும். அங்கே வோஜ் பகுதியில், எபினால் நகருக்குப் பக்கத்தில் பூஸே என்று ஓர் அணை. கல்கட்டு அணை, சுமார் 22 மீட்டர் உயரம். அதைக் கட்டிய என்ஜினீயர்கள் நாம் இப்போது பார்த்த முக்கோணத்தைச் சரியாகவே போட்டார்கள். தண்ணீர் முன்பக்கம் இவ்வளவு தள்ளும், அணையின் எடை இவ்வளவு, ஆகவே நிற்கும். 1884-இல் தண்ணீர் ஏறியபோது அணையின் ஒரு பகுதி கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தது. தண்ணீரை வடித்துப் பழுது பார்த்தார்கள், அடிப்பகுதியைப் பலப்படுத்தினார்கள். மறுபடி நிரப்பினார்கள். 1895 ஏப்ரல் 27 அன்று காலை அணையின் மேற்பகுதி உடைந்து போனது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

எங்கே தப்பு? முன்பக்கத்து அழுத்தத்தில் தப்பில்லை. அணையின் உடம்புக்குள்ளும் அதன் அடியிலும் தண்ணீர் புகும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கல்கட்டில் மயிரிழை விரிசல் போதும். அதில் புகுந்த தண்ணீர் கொஞ்சம்தானே என்று விட முடியாது. அங்கேதான் பாஸ்கலின் ஒரு லிட்டர் வேலை செய்கிறது. விரிசலில் இருப்பது ஒரு செம்பு தண்ணீரானாலும், அது நீர்த்தேக்கத்தோடு தொடர்பில் இருக்கும் வரை அந்த ஆழத்துக்குரிய முழு அழுத்தத்தோடு மேலே நெம்பும். இதற்கு மேல்நோக்கு அழுத்தம் என்று பெயர். வகுப்பில் 'அப்லிஃப்ட்' என்று படித்தோமே, அதுதான்.

எவ்வளவு நெம்பும் என்று ஒரு கணக்கு. முக்கோண வடிவக் கான்கிரீட் அணை. தண்ணீர்ப் பக்கத்து அடியில் முழு அழுத்தம், மறுபக்க அடியில் பூஜ்யம் என்று வைத்தால், மேல்நோக்கு விசை அணையின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகம். அதாவது நூறு டன் அணை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது, நிற்கும் விஷயத்தில் அறுபது டன்னுக்குக்கூடத் தேறாது. கல்லும் சிமெண்ட்டும் அப்படியேதான் இருக்கும். எடையை மட்டும் தண்ணீர் களவாடிவிடும்.

பூஸே விபத்து நடந்த சில மாதங்களிலேயே மாரிஸ் லெவி என்ற பிரெஞ்சு என்ஜினீயர் இதற்கு விதி சொன்னார். அணையின் தண்ணீர்ப் பக்கத்தில், எந்த மட்டத்திலும் கல்கட்டின் மேல் உள்ள அழுத்தம் அந்த ஆழத்து நீரழுத்தத்தை விட அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் விரிசலைத் திறக்க முடியாது.

இப்போது ஆண்டைக் கவனியுங்கள். பூஸே உடைந்தது 1895 ஏப்ரல். அதே 1895 அக்டோபரில்தான் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். 1887-இல் தொடங்கி, காட்டிலும் வெள்ளத்திலும் காய்ச்சலிலும் பலரைப் பலிகொடுத்து, பென்னிகுவிக் துரை சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டி முடித்த அணை. தேனி, மதுரை மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருப்பது சும்மா இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெரும்பாலான அணைகளையும் போலவே அதன் வடிவமைப்பிலும் மேல்நோக்கு அழுத்தம் சேர்க்கப்படவில்லை. அது அவர் குற்றமல்ல. பாடம் எழுதப்படுவதற்கு முன்பே அவர் பரீட்சை எழுதிவிட்டார்!

பின்னால் வந்த என்ஜினீயர்கள் என்ன செய்தார்கள்? 1979-க்குப் பிறகு நடந்த பலப்படுத்தும் வேலைகளில் அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டு எடை கூட்டினார்கள். இரும்பு வடங்களை அணை வழியாகப் பாறைக்குள் இறக்கி இழுத்துக் கட்டினார்கள். முதுகுப் பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். அந்த முட்டுக்குள் கசிவுநீர் வடிந்து போக காலரியும் வைத்தார்கள். முதல் மூன்றும் தண்ணீரை எதிர்த்து நிற்கிற வேலை. நான்காவது, தண்ணீருக்கு வழிவிடுகிற வேலை. அணைக்குள் நடந்து போய், கசிவுநீர் வாய்க்காலில் சொட்டுச் சொட்டாக ஓடுவதைப் பார்க்கிறவர்கள், "ஐயோ, அணை ஒழுகுதே!" என்பார்கள். அளவாக, தெளிவாக ஒழுகினால் நல்லது. அது வெளியே வரும் தண்ணீர், அதனால் உள்ளே நெம்பாது. கலங்கலாக வந்தாலோ, திடீரென்று கூடினாலோ, திடீரென்று நின்றாலோதான் பயப்பட வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று காலைதான் அதைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்ட் கசிவைப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று சொல்லிப் போயிருந்தார். மலைச்சரிவு அதற்குப் பெரிய காரணம், மேல்நோக்கு அழுத்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு விஷயம் சொல்கிறேன். அந்த அணையின் நடுப்பகுதியில் மட்டும்தான் அடியில் அழுத்தம் தணிக்கும் வடிகிணறுகள் இருந்தன. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு போன பிறகு, தனியாக நின்றது அந்த நடுப்பகுதி மட்டும்தான். விசாரணையில் முல்ஹாலண்ட் பழியை வேறு யார் மேலும் போடவில்லை. தானே ஏற்றுக்கொண்டார்.

பெரியவர்கள் தப்பைச் சொன்னேன். என் தப்பையும் சொல்ல வேண்டுமல்லவா?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். டெல்டாப் பகுதியில் ஒரு கட்டிடம். அதற்குத் தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, சம்ப். உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். சுவரும் தளமும் 20 சென்டிமீட்டர் கான்கிரீட். மேல்மூடி இன்னும் போடவில்லை. தண்ணீர் நிரப்பி ஒழுகல் சோதனை முடித்தோம். ஐப்பசி மாதம், அடைமழை. உள்பூச்சு வேலையை முடிக்கும் அவசரத்தில், தண்ணீரை இறைக்கச் சொன்னேன். வயசான மேஸ்திரி ஒருவர், "தண்ணி இருந்துட்டுப் போகட்டும் சார். மழை வெறிக்கட்டும். காலித் தொட்டி இந்தக் காலத்துல ஆகாது" என்றார். நான் புதிதாகப் படித்து வந்தவன். "பூச்சு முடியணும் மேஸ்திரி, இறைங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை ஆள் வந்து எழுப்பினான். "சார், தொட்டி மேலே வந்துடுச்சு!" போய்ப் பார்த்தேன். தொட்டி ஒரு பக்கம் ஒன்றரை அடி எழும்பி, கப்பல் மாதிரி சாய்ந்து நின்றது. குழாய் இணைப்புகள் முறிந்து கிடந்தன. முதல் நாள் சாயங்காலம் ஆறு மணி வரை இரண்டு பேர் அதற்குள் இறங்கிப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து, முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். தொட்டியின் வெளியளவு 3.4 மீட்டர், 2.4 மீட்டர், உயரம் 2.2 மீட்டர். சுற்றியுள்ள மண் தரைமட்டம் வரை நனைந்தால், அடியிலிருந்து தண்ணீர் தள்ளும் விசை சுமார் 18 டன். தொட்டியின் கான்கிரீட் எடை சுமார் 15 டன். உள்ளே தண்ணீர் இருந்திருந்தால் இன்னும் 12 டன் சேர்ந்திருக்கும், தொட்டி அசைந்திருக்காது. அந்த 12 டன்னைத்தான் நான் பம்பு வைத்து இறைத்துக் கொட்டினேன்! ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு நெட்டுருப் போட்டவன் நான். மிதக்கும் விசை என்பது வேறு ஒன்றுமில்லை, அடிப்பக்கத்து நீரழுத்தம் மேல்பக்கத்தை விட அதிகமாக இருப்பதுதான் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அது கப்பலுக்கும் கட்டைக்கும் உரியது, என் தொட்டிக்கும் உரியது என்று தோன்றவில்லை. புத்தகம் படிக்காத மேஸ்திரிக்குத் தோன்றியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், ஆளுக்கு ஒண்ணும் ஆகலையில்ல?" என்றார். அந்த ஒரு வார்த்தையை இன்று வரை நான் மறக்கவில்லை.

இப்போது நண்பரின் சுவருக்கு வருவோம். பத்தடி, அதாவது 3 மீட்டர் மண் தாங்கு சுவர். பின்னால் இருப்பது காய்ந்த மண் என்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரில் உந்துவிசை சுமார் 2.7 டன். மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால், மண் தன் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் காட்டும். அடைமழையில் அதே மண் மேல்மட்டம் வரை ஊறி, தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றால்? தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு என்று தள்ளுபடி எல்லாம் தராது. முழு அழுத்தத்தையும் காட்டும். தண்ணீர் மட்டும் 4.5 டன், ஊறிய மண் ஒன்றரை டன், மொத்தம் 6 டன். இரண்டு மடங்குக்கும் மேல். 2.7 டன்னுக்குக் கட்டிய சுவர் 6 டன்னைத் தாங்குமா?

பின்னால் ஏரி தேவையில்லை. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளியில் தண்ணீர் நின்றால் போதும். அழுத்தத்துக்கு ஆழம்தான் கணக்கு, அளவு அல்ல. மறுபடியும் பாஸ்கலின் ஒரு லிட்டர்! வீப் ஹோல் இதற்குத்தான். அதற்குப் பின்னால் ஜல்லி நிரப்புவதும் மண் அடைக்காமல் தண்ணீர் மட்டும் வருவதற்குத்தான். அதன் வழியே வழிகிற ஒவ்வொரு சொட்டும், சுவரைத் தள்ளாமல் வெளியே போகிற சொட்டு.

2019 டிசம்பர் 2 அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில், கனமழையில் ஒரு உயரமான சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்து வீடுகள்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். தலித் குடும்பங்கள். சுவர் யாருக்காக, ஏன் கட்டப்பட்டது என்ற கேள்விகள் பெரியவை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். சுவர் எப்போதும் கட்டியவன் பக்கம் விழுவதில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் விழும். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பவர்கள், சுவர் கட்டும்போது யாரும் கேட்டுக்கொள்ளாதவர்கள்.

நம் நண்பரின் சந்தில் நேற்று நாலைந்து பிள்ளைகள் அந்தப் பளிச்சென்ற சுவரில் கரிக்கோடு போட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதை அவருக்கு நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏண்டா, நாமும் அதே கிளாஸ்லதானே உட்கார்ந்திருந்தோம்?" என்றார். உட்கார்ந்திருந்தோம். நான் தொட்டியில் மறந்தேன், அவர் சுவரில் மறந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே என்ஜினீயர் அல்லாதவர்களும், தாய்மார்களும் இருக்கிறீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போக நான்கு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, மண் தாங்கு சுவரின் துளைகளை அடைக்காதீர்கள். அடைந்திருந்தால் மழைக்கு முன் குத்திவிடுங்கள். இரண்டு, நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் தரைத்தொட்டியை முழுக்கக் காலி செய்து கழுவாதீர்கள். கழுவுவதைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, மேல்மாடிச் சுவரை உயர்த்தித் தொட்டியாக்குவதோ, தொட்டியின் உயரத்தைக் கூட்டுவதோ ஓரடிதானே என்று நினைக்காதீர்கள். ஓரடி கூடினால் எவ்வளவு கூடுகிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். நான்கு, அனுபவமுள்ள மேஸ்திரி "வேண்டாம் சார்" என்றால், ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தண்ணி வாத்தியார் இன்று நம்மிடையே இல்லை. அவர் வாளியும் புனலும் ஆய்வகத்தில் இருக்கின்றனவா என்று காலையில் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. பரவாயில்லை. ஒரு வாளி, ஒரு புனல், ஒரு பலூன், இரண்டு குழாய். இந்த வருஷம் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு நம் சங்கம் வாங்கிக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். மூன்றாவது வரிசை நண்பர் நேற்று சாயங்காலமே ஆளைக் கூப்பிட்டுவிட்டார். விழா முடிந்து அவர் வீடு போய்ச் சேருவதற்குள் துளைகள் திறந்திருக்கும். வருகிற மழையில் அந்தச் சுவரில் செம்மண் வழியும். பெயிண்ட் போகும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது எல்லோரும் போய் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டில் காபி குடிக்கலாம் என்று அவர் சார்பில் நானே அழைக்கிறேன்.